இரண்டாவது தட்டு

நல்லசிவம் சொன்ன இந்தக் கதையை அவர் நண்பர் அம்பலவாணர் பல வருடங்கள் நம்பவில்லை. நோயைத் தன் உடம்பிலேயே வைத்திருப்பவர் தேடி வந்த மருந்தைத் திருப்பி அனுப்புவாரா?

நல்லசிவம் அறுவை மருத்துவர். புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோயைக் கத்தியால் அறுத்தெடுத்துச் சலித்துப்போய், தன்னைவிட இளையவரான அற்புதராஜின் ஆய்வகத்தில் மாணவராகச் சேர்ந்தார்.

அங்கே ஒரு மரபணுவை வைரஸில் ஏற்றி உடம்புக்குள் அனுப்பும் மருந்தை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அது புற்றுச் செல்லை மட்டும் கொல்ல வேண்டும். மற்றதைத் தொடக் கூடாது.

இடையில் அற்புதராஜுக்கே அந்த நோய் வந்தது. எலும்புவரை பரவியிருந்தது. தன் கட்டியில் ஒரு துணுக்கையும் முன்கைத் தோலில் ஒரு துணுக்கையும் ஆய்வகத்துக்குக் கொடுத்தார். இரண்டையும் தனித்தனிக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, இரண்டிலும் மருந்தை விட்டார்கள்.

ஒரு காலை நல்லசிவம் மூச்சிரைக்க வந்தார்.

"ஒண்ணுகூட மிச்சமில்ல சார். அத்தனையும் செத்துப்போச்சு."

"எந்தத் தட்டுல, டாக்டர்?"

"கட்டி வளர்ந்த தட்டுல."

"தோல் வளர்ந்தது?"

அதை நல்லசிவம் பார்த்திருக்கவில்லை.

குரு மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரண்டாவது தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்துவிட்டு நகர்ந்து நின்றார்.

சீடர் குனிந்து பார்த்தார். அங்கேயும் ஒன்றும் மிச்சமில்லை.

கொஞ்சம் சேதம் எந்த மருந்திலும் உண்டு என்று வாதாடினார். இப்போது இதைப் போட்டுக்கொண்டு, பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றார். கடைசியில் கெஞ்சினார்.

"உங்களுக்கு நேரமில்ல சார்."

அற்புதராஜ் சிரித்தார்.

"கத்தியை விட்டுட்டு வந்தீங்கன்னு நெனச்சேன். கையோட கொண்டு வந்திருக்கீங்க."

பிறகு சட்டைக் கையை மடித்து, தோல் எடுத்த தழும்பைக் காட்டினார்.

"ரெண்டு தட்டுலயும் நான்தான் இருக்கேன், டாக்டர்."

நல்லசிவம் கை கழுவிவிட்டுப் புதிய தட்டுகளை எடுத்தார். அன்றே முதலிலிருந்து தொடங்கினார். குரு இறந்த பிறகும் நிறுத்தவில்லை.

இப்போது திருத்திய அந்த மருந்தை மனிதர்களிடம் சோதிக்க அனுமதி கிடைத்திருக்கிறது. அம்பலவாணருக்கும் அதே நோய். நல்லசிவம் ஒப்புதல் தாளை அவர் முன்னே வைத்தார்.

அம்பலவாணர் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடாமல் நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கு அவர் கேக்காம இருந்திருந்தா, அந்த ரெண்டாவது தட்டை நீங்களா பாத்திருப்பீங்களா?"