வலிக்காது என்ற சொல்

இதய அறுவை அரங்கில் இருபது வருஷம் மயக்க மருந்து கொடுத்தவர் திருவேங்கடம். தலை நரைத்த பிறகு குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவுக்கு மாற்றலாகி வந்தார். அங்கே அவருக்கு வேலை பழக்கியவர் டாக்டர் ஜெசிந்தா. அவரைவிடப் பத்து வயது இளையவர்.

அன்று வந்தவள் மகிழினி. நாலு வயது, ரத்தப் புற்றுநோய். முதுகுத்தண்டு வழியாக மருந்து ஏற்ற வேண்டும். முன்பு வேறோர் ஊரில், போட்டோ எடுக்கப்போகிறோம் என்று சொல்லி, ஆளாளுக்கு அமுக்கிப் பிடித்து அவளைக் குத்தியிருந்தார்கள். அதிலிருந்து வெள்ளைக் கோட்டைக் கண்டாலே அலறல்.

“இன்னிக்கும் அப்படித்தான்னா வைத்தியமே வேணாம். ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்” என்றார் அவள் அப்பா.

அம்மாவின் இடுப்பைவிட்டு இறங்காமலே மகிழினி கேட்டாள்: “ஊசி குத்துவீங்களா?”

“சேச்சே, இல்லடா கண்ணு” என்றார் திருவேங்கடம்.

ஜெசிந்தா தரையில் உட்கார்ந்தார். “குத்துவோம். முதுகில. நீ தூங்கினப்புறம்.”

குழந்தை வீறிட்டது. போச்சு, எல்லாம் கெட்டது என்று நினைத்தார் திருவேங்கடம். ஜெசிந்தா எழுந்திருக்கவில்லை. அழுது ஓயும்வரை அங்கேயே இருந்தார்.

விசும்பலுக்கு நடுவே கேள்வி வந்தது. “வலிக்குமா?”

“வலிக்காது.”

“நெசமா?”

“நெசமாத்தான். இந்த மாஸ்க்கை வச்சு மூச்சு இழுத்தா தூக்கம் வரும். நீ முழிக்கிற வரைக்கும் உன் தலைமாட்டிலயே நிப்பேன்.”

மகிழினி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு கையை நீட்டி மாஸ்க்கைத் தானே வாங்கிக்கொண்டாள்.

ஊசி இறங்கியது, மருந்து ஏறியது. அத்தனை நேரமும் ஜெசிந்தாவின் விரல்கள் குழந்தையின் தாடையைத் தாங்கியிருந்தன. கண், ஏறி இறங்கும் அந்தச் சின்ன நெஞ்சைவிட்டு நகரவில்லை. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு காவலைத் திருவேங்கடம் பார்த்ததில்லை.

விழித்ததும் மகிழினியின் கை முதுகுக்குப் போனது. பிளாஸ்திரி தட்டுப்பட்டது.

“குத்திட்டீங்களா?”

“குத்திட்டோம்.”

“வலிக்கவே இல்ல” என்றாள் அவள். அடுத்த நிமிஷம் அம்மாவிடம் இட்லி கேட்டாள்.

கை கழுவும்போது திருவேங்கடம் மெல்லக் கேட்டார்: “மேடம், நான் சொன்னதோட விட்டிருந்தா அவ அழாமலே தூங்கியிருப்பாளே?”

“தூங்கியிருப்பா சார். முழிச்சதும் முதுகைத் தொட்டுப் பார்த்திருப்பா. அடுத்த தடவை ‘வலிக்காது’ன்னு நான் எந்த வாயால சொல்றது?”