மாவுப் படத்துக்கு விலை

குரு என்றால் தாடி வைத்திருப்பார், சீடன் என்றால் சின்னப் பையனாக இருப்பான் என்றுதான் நாம் நினைப்போம். இந்தக் கதையில் தாடி சீடனுக்கு. பேர் தண்டபாணி, வயசு ஐம்பதைத் தாண்டியாச்சு, பொள்ளாச்சிக்காரர். குரு அவரைவிட ரொம்பச் சின்னவர். பேர் ஃபிலோமினா. கோயமுத்தூரில் விளம்பரப் படம் எடுக்கிற ஸ்டுடியோ வைத்திருந்தார்.

யார் உள்ளே வந்தாலும் தாடியைப் பார்த்து வணக்கம் வைப்பார்கள். அந்த அம்மாவிடம் டீ கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே டீ போட்டுக் கொண்டுவந்து வைப்பார்.

தண்டபாணி காலமெல்லாம் கல்யாணப் படம் எடுத்தவர். மணவறையைச் சுற்றிச் சுற்றி முழங்கால் தேய்ந்துபோச்சு. உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் இந்த வயசில் படிக்க வந்தார்.

வந்து கொஞ்ச மாசத்திலேயே அவருக்கென்று ஒரு வேலை அமைந்தது. ஒரு கிரைண்டர் கம்பெனிக்குத் தீபாவளி விளம்பரம். மனுஷன் உளுந்தை ஊறப்போட்டு, ஆட்டி, பொங்கி வருகிற மாவில் ஒரு குமிழி உடையப்போகிற நேரத்துக்காகக் காத்திருந்து படம் பிடித்தார். கம்பெனி முதலாளி அதைப் பார்த்துவிட்டு இட்லி வாசமே அடிக்குது என்றாராம்.

ஆனால் பாருங்கள், விலை பேசவில்லை. முதலில் வேலை முடியட்டும், காசு அப்புறம் பேசிக்கலாம் என்பது கல்யாண வீட்டுப் பழக்கம். அந்தப் பழக்கம் இங்கேயும் கூடவே வந்துவிட்டது.

இப்போது விலை பேச பிரகதீஷ் என்ற கம்பெனி ஆள் சாயங்காலம் வரப்போகிறான். போனிலேயே சொல்லிவிட்டான்: எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்வோம், காலத்துக்கும் போட்டுக்கொள்வோம், மொத்தமாக ஒரு விலை சொல்லுங்கள். கூட்டிச் சொன்னால் வேலை போய்விடும், முழங்கால் மறுபடியும் மணவறைக்குத் திரும்பணும் என்று தண்டபாணிக்குப் பயம். அதனால் கல்யாண ஆல்பம் கணக்கிலேயே ஒரு தொகையை மனசில் வைத்துக்கொண்டார். ஃப்ரேம் போட்ட படம் ஒன்று இலவசம் என்றும் முடிவு பண்ணிவிட்டார்.

அவர் அதைச் சொன்னதும் ஃபிலோமினா, கடைச் சுவருக்கு ஒரு விலை, ஊர் ஊராகப் போர்டு வைத்தால் வேறு விலை, காலத்துக்கும் என்றால் அது தனி விலை என்றார். தண்டபாணிக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை.

"படம் ஒண்ணுதானுங்க மேடம். அங்க ஒட்டினா ஒரு விலை, இங்க ஒட்டினா ஒரு விலைன்னா, இது ஏமாத்தற மாதிரி இல்லீங்களா?"

ஃபிலோமினா கையை நீட்டினார்.

"உங்க வண்டியைக் கொஞ்சம் குடுங்கண்ணா."

தண்டபாணி தன் மோட்டார் சைக்கிளைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்திருப்பவர். ஆனாலும் குரு கேட்கிறாரே. சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார்.

"எங்க போறீங்க மேடம்?"

"முக்குக் கடைக்கு. பால் தீர்ந்துபோச்சு."

"தாராளமாப் போயிட்டு வாங்க."

"அப்படியே ஊட்டிக்கும் ஒரு நடை போயிட்டு வந்துடறேன்."

தண்டபாணி தாடியைச் சொறிந்தார். "ஊட்டிக்குங்களா? மலை ஏத்தம், பிரேக் பார்க்கணுங்களே. எப்பத் திரும்புவீங்க?"

"சித்திரைக்குள்ள வந்துருவேன்."

"சித்திரையா? அதுவரைக்கும் நான் பொள்ளாச்சிக்கு நடந்தா போறது?"

"நான் மட்டும் ஓட்ட மாட்டேண்ணா. கொழுந்தனார் ஓட்டுவாரு, அவரு கூட்டாளிங்க ஓட்டுவாங்க. யாராவது கேட்டா வாடகைக்கும் விடுவேன்."

தண்டபாணி எழுந்து போய், குருவின் விரலில் தொங்கிய சாவியை மெதுவாக உருவிக்கொண்டார்.

"பால் நானே வாங்கிட்டு வந்துடறேனுங்க மேடம்."

"வண்டி ஒண்ணுதானேண்ணா?" என்றார் ஃபிலோமினா.

கடை கூப்பிடு தூரம்தான். ஆனாலும் அவர் பாலோடு திரும்பி வர வெகு நேரம் ஆனது.

சாயங்காலம் பிரகதீஷ் வந்தான். தாடிக்கு வணக்கம் வைத்தான், அந்த அம்மாவிடம் டீ கேட்டான், உட்கார்ந்தான். விலை என்ன சார் என்றான்.

"எங்கெங்க போடப்போறீங்க தம்பி?" என்றார் தண்டபாணி.

பிரகதீஷ் முழித்தான். எங்கேயும்தான் என்றான். எத்தனை நாளைக்கு என்றார். காலத்துக்கும் என்றான். வேறு யாருக்காவது கொடுப்பீர்களா என்றார். இதுவரைக்கும் யாரும் அவனிடம் இப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. வெளியே போய் முதலாளிக்குப் போன் போட்டான்.

திரும்பி வந்தபோது அவன் முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு. விஷயம் இதுதான். கம்பெனிக்குக் கடை இருப்பதே மூணு ஊரில். பொங்கல் முடிந்ததும் வேறு நிறத்தில் புது கிரைண்டர் வருகிறது, அப்புறம் இந்தப் படத்துக்கு அங்கே வேலையில்லை. எங்கேயும், காலத்துக்கும் என்பது முதலாளி எல்லாரிடமும் சொல்கிற வாய்ப்பழக்கம். முதலில் வேறு ஒரு படக்காரரிடம் அப்படிச் சொல்லி, அவர் கேட்ட விலையில் ஆடிப்போய்த்தான் இங்கே வந்திருக்கிறார்கள்.

மூணு ஊர், பொங்கல் வரைக்கும், கம்பெனிக்கு மட்டும் என்று தண்டபாணி ஒரு விலை சொன்னார். ஆல்பம் கணக்கைவிட நல்ல தொகை. ஆனால் அந்தப் படக்காரர் கேட்டதில் பாதிகூட இல்லை. முதலாளி போனிலேயே சரி என்றார். அடுத்து மிக்சி வருது, அதுக்கும் இந்தத் தாடிக்காரரையே கூப்பிடு என்றும் சொன்னாராம்.

சந்தோஷத்தில் தண்டபாணிக்கு வாய் நிற்கவில்லை. "கூடவே ஃப்ரேம் போட்டு ஒண்ணு இலவ..." என்று ஆரம்பித்தார். ஃபிலோமினா பலமாக இருமினார். தண்டபாணி வாயை மூடிக்கொண்டார்.

ஃபிலோமினா எழுதிக் கொடுத்த தாளில் பிரகதீஷ் கையெழுத்துப் போட்டான். படிக்கிற கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த தண்டபாணி, அவர் காட்டிய இடத்தில் தானும் போட்டார். பிரகதீஷ் தாடிக்கு இன்னொரு வணக்கம் வைத்துவிட்டுக் கிளம்பினான்.

தண்டபாணி அந்த மாவுப் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். குமிழி உடையாமல் அப்படியே நின்றது. எத்தனை தடவை ஆட்டிய மாவு வீணாய்ப் போன பிறகு கிடைத்த குமிழி.

"பொங்கலுக்கு அப்புறம் இந்தப் படம் யாருதுங்க மேடம்?"

ஃபிலோமினா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டே, மேஜையில் கிடந்த வண்டிச் சாவியை அவர் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டார்:

"பொங்கலுக்கு முன்னாடி யாருதுண்ணா?"