பூட்டுக்குள் இனித்த பழம்

நீலமலைச் சரிவில் ஆப்பிள் தோட்டம் வைத்திருந்த ராவ்பகதூர் சிங்காரவேலர், பழம் புளித்தால் பழத்தின் மீதே வழக்குத் தொடரக்கூடியவர். கார்த்திகையில் பறித்த குளிர்காலப் பழத்தைக் கடித்ததும் அவருக்குப் பல் கூசியது. "கல்லும் புளியும் சேர்ந்த கனி. நாற்பது மரங்களையும் வெட்டிப் போடு," என்றார்.

அம்மரங்களைக் கன்றிலிருந்து வளர்த்த தோட்டக்காரி மாதி அசையவில்லை. "போன மார்கழியின் உறைபனியில் மற்ற மரங்களெல்லாம் கருகின, எசமான். இவை மட்டுமே தாக்குப்பிடித்தன."

"தாக்குப்பிடித்தால் போதுமா? சர்க்கரையோ உன் கையோ படாமல் இதே பழத்தை இனிக்கச் செய். முடியாவிட்டால் கோடாரியை எடு."

"அப்படியானால் தங்கள் பெட்டியிலேயே வைக்கோலிட்டு, பழங்களைத் தாங்களே அடுக்கிப் பூட்டுங்கள். சாவியும் தங்களிடமே இருக்கட்டும். மாசியில் திறப்போம்."

அவளைத் தோற்கடிக்கும் ஆவலில் அவர் பூட்டின் மேல் அரக்கு முத்திரையும் வைத்தார்.

மாசி பிறந்தது. மாதி தோற்பதைக் காண விருந்தினரையும் அழைத்திருந்தார். பெட்டியைத் திறந்ததும் கூடமெங்கும் மணத்தது. பச்சையாய் வைத்த பழங்கள் மஞ்சளாகியிருந்தன. ஒன்றைக் கடித்தார், தேனாய் இனித்தது.

"யாரோ கள்ளத்தனம் செய்திருக்கிறார்கள்," என்று அதட்டினார்.

"பெட்டியைத் தொட்டவர் தாங்கள் ஒருவர்தாம், எசமான்," என்றாள் மாதி. "கள்ளத்தனம் செய்தவர் தாங்களா, அல்லது பறித்த பின் பொறுத்திருந்து இனிப்பது இந்தப் பழத்தின் குணமா? இவர்கள் கேட்கும்படி சொல்லிவிடுங்கள்."

சிங்காரவேலர் இரண்டாவது பழத்தைக் கடித்தார். மரங்கள் பிழைத்தன.