ஏழாம் விதியும் ஆசிரமத்துத் தும்பையும்

ஆசிரமம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தென்காசிப் பக்கம் ஒரு தெருவில் ஓட்டு வீடு, முன்னால் நாலு சென்ட் காலியிடம், அவ்வளவுதான். குருவுக்கு நாற்பது வயது, அவருடைய ஒரே சீடர் சங்கரபாகத்துக்கு அறுபத்தொன்று. அதனால் குரு சீடரை அண்ணாச்சி என்பார், சீடர் குருவைச் சாமி என்பார்.

காலியிடத்தைச் சுத்தமாக வைத்திருப்பது அண்ணாச்சியின் பொறுப்பு. ஆறு மாதமாக அவர் இடுப்பு வளையவில்லை. தும்பையும் நாயுருவியும் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டன.

பேரூராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. வீட்டு முன்னால் முழங்காலுக்கு மேல் செடி வளர்ந்தால் மெஷின் வைத்து வெட்டிவிடுவார்களாம். தப்பிக்க ஏழாவது விதியில் மட்டும் ஒரு வழி இருந்தது. தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் என்று நாட்டுச் செடி நட்டு வளர்ப்பவர்களுக்கு விலக்கு உண்டு.

அண்ணாச்சி விடுவாரா? அன்றைக்கே வாசலில் பலகை தொங்கியது: 'தேனீக்கள் நலத் தோட்டம்'.

"சாமி, வர்ற வெள்ளிக்கிழமை ஆபீசரம்மா பாக்க வாராங்க. இது தோட்டமா புதரான்னு கேட்டா என்ன சொல்லட்டும்?"

குரு அடுக்களையிலிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கிவந்து நாயுருவிக்கு நடுவில் போட்டார்.

"உக்காருங்க அண்ணாச்சி. வாரவங்கள கவனிங்க."

"இங்க யாரு சாமி வருவா?"

"உக்காந்தா தெரியும்."

முதல் நாள் வேட்டியில் ஒட்டிய நாயுருவி விதையைப் பிய்த்தே பொழுது போயிற்று. இரண்டாம் நாள் ஒரு குட்டித் தேனீ தும்பைப் பூவுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு பின்புறத்தை ஆட்டியது. அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். மூன்றாம் நாள் அது வரத் தாமதமானதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனையையும் வெட்டிவிடுவார்களே என்று நினைத்து, இருட்டிய பிறகும் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சுகாதார ஆய்வாளர் செண்பகவல்லி வந்தார். புல்வெட்டும் மெஷினோடு ஓர் ஆள் வாசலில் நின்றார்.

"இது என்னய்யா?"

"தும்பை. எட்டு மணிக்கு ஒரு குட்டித் தேனீ வரும். கூச்சமே கிடையாது அதுக்கு."

"இது?"

"ஆவாரை. கருவண்டு வந்து பூவைப் பிடிச்சு உதறும் பாருங்க, நமக்கே உடம்பு ஆடும்."

"அந்த மூலையில?"

"எருக்கு. இலைக்கு அடியில ஒரு புழு சாப்பிட்டுக்கிட்டு இருக்கு. கொஞ்சம் மெதுவாப் பேசுங்கம்மா."

செண்பகவல்லி சிரித்துக்கொண்டே விலக்குப் படிவத்தை நிரப்பினார். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.

"எல்லாம் நீங்க நட்டதுதானே? தானா முளைச்சதுக்கு விலக்கு கிடையாது."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது அண்ணாச்சியின் தொண்டை வரைக்கும் வந்தது. பக்கத்தில் குரு நின்றுகொண்டிருந்தார். அவரை வைத்துக்கொண்டு எப்படிப் பொய் சொல்வது?

"நான் ஒண்ணும் நடலம்மா," என்றார் கண் கலங்க. "குனிஞ்சு பிடுங்கச் சோம்பல் பட்டேன். வேற ஒண்ணுமில்ல."

வாசலில் நின்றவர் மெஷின் கயிற்றை இழுத்தார். அது உறுமியது.

செண்பகவல்லி குருவிடம் திரும்பினார். "தானா முளைச்சத எப்படி சாமி தோட்டம்னு எழுத?"

குரு சங்கரபாகத்தின் தோளில் கை வைத்தார்.

"இந்த அண்ணாச்சியவும் நான் நடலம்மா. ஒருநாள் தானாத்தான் வந்து முளைச்சாரு. சீடர்னுதான சொல்லுதேன்?"