மரவண்டின் நீலச் சிறகு

அந்தக் காலத்தில், பூச்சிகளும் மனிதர்களும் உட்கார்ந்து ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்த காலத்தில், மரவண்டு பொன்னிறமாக இருந்தது. நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம், கதையை மட்டும் கேளுங்கள். அப்போது அதற்கு மரத்தைத் துளைக்கவும் தெரியாது. ஒடிந்த மூங்கிலாகப் பார்த்துக் குடிபுகுந்து முட்டையிடும்.

ஆறு கடலில் சேரும் ஊர் ஒன்றில், செவந்தி வீட்டுக் கூரை மூங்கிலில் அப்படி ஒரு வண்டு இருந்தது. செவந்தியின் கணவன் காத்தான் ஒருநாள் கூரையைச் செப்பனிடுகிறேன் பேர்வழி என்று அந்த மூங்கிலின் வாயைக் களிமண்ணால் அடைத்துவிட்டான். உள்ளே ஈனக்குரலில் ரீங்காரம் கேட்டு, செவந்திதான் உளியால் மண்ணைச் சுரண்டி வண்டை வெளியே விட்டாள். அன்றிலிருந்து இருவரும் உயிர்த் தோழிகள்.

செவந்திக்குத் துணியில் அச்சுப் போடுவது தொழில். மரக்கட்டையில் பூவும் கொடியும் செதுக்கி, சாயத்தில் ஒற்றித் துணியில் அழுத்துவாள். காத்தானுக்கோ மரக்கலத்தில் வேலை. போனால் திரும்ப மூன்று வருஷம் ஆகும். போன பயணத்தின்போது அவன் தாய் இறந்துபோனாள். வந்தவன் அழக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தான். "செவந்தி, எங்கம்மா முகம் எனக்கு ஞாபகம் வரமாட்டேங்குது" என்றான்.

இப்போது மறுபடி பயணம். செவந்தியின் மடியில் நாலு மாதக் குழந்தை அரும்பு.

"இவ முகமும் மறந்துபோயிடுமோன்னு பயமா இருக்கு" என்றான் காத்தான்.

"மறக்க விட மாட்டேன்" என்று சொல்லி, செவந்தி ஒரு கட்டையை எடுத்துக் குழந்தையின் முகத்தைச் செதுக்க ஆரம்பித்தாள். உப்பிய கன்னம், சுருட்டை முடி, தாடையில் ஒரு குழி எல்லாம் அச்சு அசலாக வந்தன. ஆனால் துணியில் அழுத்தினால் முகம் விழவில்லை, கறுப்புத் திட்டுதான் விழுந்தது. பூவிலும் கொடியிலும் வராத தொல்லை இது. இன்னும் ஆழமாக வெட்டினாள், மேலும் அப்பிப்போனது. சாயத்தைக் கூட்டினாள், குழந்தைக்கு மீசையே முளைத்துவிட்டது. புறப்படும் நாள் வந்து, பொழுதும் உச்சிக்கு ஏறியது. சாயங்காலம் ஆற்றுநீர் கடலை நோக்கி வடியும்போது மரக்கலம் கிளம்பிவிடும். செவந்தி கட்டையைச் சாயத்தட்டில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, அழுத குழந்தைக்குப் பால் கொடுக்க உள்ளே போனாள். போனவளும் அழுதாள்.

வண்டு கட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தது. பூவின் கோட்டுக்கு எங்காவது ஒரு வாசல் இருக்கும். முகமோ சுற்றிலும் மூடிய வட்டம். உள்ளே மாட்டிய காற்றுக்குப் போக வழியில்லை. களிமண் அடைத்த மூங்கிலில் கிடந்தவளுக்கு அது புரியாதா?

மூங்கிலின் நாரை மட்டுமே கடித்துப் பழகிய வாய். கட்டையின் முதுகில் வைத்துக் கடித்தது. வாய் எரிந்தது, விடவில்லை. கடைசிச் சிராய் உடைந்ததும் தலைகுப்புற, வெல்லமும் துருப்பிடித்த இரும்பும் ஊறிய கறுப்புச் சாயத்தில் போய் விழுந்தது.

வெளியே வந்த செவந்தி முதலில் கட்டையின் ஓட்டையைத்தான் பார்த்தாள்.

"அடிப்பாவி, என் பிள்ளை முகத்தையா ஓட்டை போட்டே?"

"கட்டைக்கு மூச்சு முட்டுதுடி செவந்தி. இப்ப அழுத்திப் பாரு" என்று தட்டிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

பதறிப்போய் வண்டை அள்ளிய செவந்தி, தண்ணீர் என்று நினைத்துப் பக்கத்துப் பானையில் முக்கி எடுத்தாள். அது அவுரிச் சாயம். கறுத்த உடம்பின் மேல் சிறகுகள் நீலமாகிப்போயின. கையில் வைத்து ஊதி ஊதிக் காயவைத்த பிறகுதான் கட்டையை எடுத்துத் துணியில் வைத்தாள். மெல்ல அழுத்தினாள். துளை வழியே 'புஸ்' என்று காற்று போனது. கட்டையைத் தூக்கினால், துணியில் அரும்பு சிரித்தாள்.

காத்தான் அந்தத் துணியை மடித்து நெஞ்சோடு கட்டிக்கொண்டு மரக்கலம் ஏறினான்.

கரையில் நின்ற செவந்தியின் தோளில் வண்டு உட்கார்ந்திருந்தது. "இனி எங்க கூட்டத்துல யாருக்கும் என்னை அடையாளம் தெரியாதுல்ல?" என்று கேட்டது.

செவந்தி அதன் நீலச் சிறகை விரல் நுனியால் தடவினாள். "எனக்குத் தெரியும்டி. நீ எந்தக் கட்டையைத் துளைச்சாலும் ஏன்னு கேக்க மாட்டேன். உன் பிள்ளைங்களும் என் வீட்டு மரத்துலயே பிறக்கட்டும்."

மூன்று வருஷம் கழித்துக் காத்தான் கரையில் இறங்கியபோது, ஒரு கூட்டம் பிள்ளைகள் மணலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். தாடையில் குழி விழுந்த ஒருத்தியைப் பார்த்து, யாரையும் கேட்காமல், "அரும்பு!" என்று கூப்பிட்டான்.

சாயத்தில் விழுந்த அந்த நாள் முதல்தான் மரவண்டு கறுத்த உடம்பும் நீலச் சிறகுமாக நம் வீட்டு உத்தரத்தைத் துளைத்துக் குடியிருக்கிறது. அச்சுக்கட்டை செதுக்குகிறவர்களும், எத்தனை அழகான கட்டையானாலும், அதன் முதுகில் ஒரு துளை போடாமல் வேலையை முடிப்பதில்லை.