இரண்டடி இடைவெளி

குளக்கரைக் காட்டில் ஒரு கவுதாரி இருந்தது. அங்கிருந்த இலந்தை வேலியின் அடியில்தான் அது மூன்று பருவமாகக் குஞ்சு பொரித்து வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நரி. இந்தப் பக்கம் கவுதாரி, முயல், அணில், ஆமை, மயில். வேலியைப் பார்த்தால் யாரும் லட்சணம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் நரியின் மூக்கு நுழையக்கூட அதில் இடம் இருந்ததில்லை.

ஒருநாள் மயில் பங்களாத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தது. அங்கே தூண்செடி என்று ஒன்று இருக்கிறதாம். பக்கத்தில் கிளை பரப்பாமல், தூண் போல ஒல்லியாக, நேராக மேலே போகுமாம். அதை நட்டவர்களுக்கு ஊரில் தனி மரியாதையாம். ஆளுக்கொரு கன்றும் கொண்டுவந்திருந்தது.

உடனே கூட்டம் கூடிற்று. இலந்தை முள் காலில் குத்துவதை முயல் ஒரு பெரும் கொடுமையாக எடுத்துச் சொன்னது. வேலியைப் பிடுங்கிவிட்டுத் தூண்செடி நடுவது என்று முடிவாயிற்று. கவுதாரி மட்டும் எதிர்த்தது. அந்த எதிர்ப்பை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

"சரி, நடுங்கள். ஆனால் நெருக்கி நடுங்கள், முயலண்ணே," என்றது கவுதாரி. "செடியே ஒல்லி. இடைவெளி விட்டால் அது வேலியா, வாசலா?"

முயல் மீசையைத் துடைத்துக்கொண்டது. "நெருக்கி நட்டால் எது யாருடையது என்று எப்படித் தெரியும் தங்கச்சி?"

இரண்டடிக்கு ஒன்றாக நட்டன.

அதன்பிறகு காட்டில் வேறு பேச்சே இல்லை. முயல் மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றியதில் செடியின் அடி மஞ்சளாகி அழுகத் தொடங்கியது. அணில் ருசி பார்க்க நுனியைக் கொறித்தது. செடி கவட்டை போல இரண்டாகப் பிரிந்தது. ஆமை தண்ணீர் ஊற்ற நடந்து வருவதற்குள் கோடையே வந்துவிட்டது. செடி வெளியே பச்சை, உள்ளே சருகு. மழைக்காற்றில் மயிலின் செடி கட்டவிழ்ந்த துடைப்பமாக விரிந்தது. மயில் அதைக் கொடியால் இறுக்கிக் கட்டிவிட்டு, பங்களாவிலும் இப்படித்தான் கட்டுகிறார்கள் என்று சாதித்தது. வாரா வாரம் கூடி உயரத்தை அளந்தன. முயல் செடி ஒரு சாண் கூடுதல் என்றால் அணில் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாது.

அடியைப் பாருங்கள், அடியில் வழி திறந்து கிடக்கிறது என்று கத்திக் கத்திக் கவுதாரிக்குத் தொண்டை கட்டியது. குளத்துக்கு அப்பால் சேறு. போக வேறு இடம் இல்லை. வேலி இருந்த இடத்தின் புல்லிலேயே ஏழு முட்டை இட்டது.

ஒரு நடுப்பகலில் நரி வந்தது. உடம்பைக் குறுக்கக்கூட இல்லை. இரண்டு செடிகளுக்கு நடுவே சம்பந்தி வீட்டுக்குள் நுழைவது போல நிதானமாக நுழைந்தது. கவுதாரி இறக்கை ஒடிந்தது போல இழுத்து இழுத்து ஓடி, அதைத் தன் பின்னால் வரவைக்கப் பார்த்தது.

"சிரமப்படாதே அம்மா," என்றது நரி. "உனக்காக வரவில்லை. பாதை போட்டிருக்கிறார்கள், பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்."

ஏழு முட்டையும் போயிற்று.

மறுநாள் இரங்கல் கூட்டம். ஆமை நீளமாகப் பேசியது. நல்லவேளை, செடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றது அணில்.

"இரங்கல் எனக்கு வேண்டாம்," என்றது கவுதாரி. "செடிகளைப் பிடுங்கி ஒன்றோடொன்று ஒட்டி நடுங்கள். மிச்ச இடத்தை முள் வெட்டி அடைக்கலாம். அடுத்த முட்டையாவது பிழைக்கும்."

நியாயம்தான் என்று எல்லாம் தலையாட்டின. யார் யார் பக்கம் நகர்வது என்பதில்தான் சிக்கல். அணில் என் பக்கம் வரட்டும் என்றது முயல். என் செடிக்கு இந்த வெயில் பழகிவிட்டது, முயல்தான் வரவேண்டும் என்றது அணில். எல்லாரும் தன்னை நோக்கி வருவதே முறை என்றது மயில். இதை ஆராய ஒரு துணைக்குழு போடலாம் என்றது ஆமை.

மூன்று நாள் பேசின. நான்காம் நாளும் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது நரி மறுபடி வந்தது. இந்த முறை நேராக முயலின் வளைக்குப் போனது. வளைக்குள் இரண்டு குட்டிகள் இருந்தன.

கவுதாரி தொண்டை கிழியக் கத்தியது. கூட்டத்தில் எல்லாருக்கும் கேட்டது. முயல் எழுந்திருக்கவில்லை. அப்போது பேசுவது அதனுடைய முறை. "இந்தக் கவுதாரிக்கு எப்போதும் இதே வேலை," என்று சொல்லிவிட்டுத் தன் செடியின் உயரத்தைப் பற்றித் தொடர்ந்தது.

ஒட்டி நிற்க மறுப்பவர்கள் எவ்வளவு உயரம் வளர்ந்தாலும் வேலி ஆகமாட்டார்கள்.