தலைவருக்குப் போட்ட நாற்காலி

பொறுமைக்கும் பேரூராட்சித் தலைவர் நல்லதம்பிக்கும் ஏழாம் பொருத்தம். பஸ் நிறுத்தத்துக்குக் கான்கிரீட் கூரைத் தளம் போட்டதே நேற்றுத்தான். அதற்குள் வந்து நின்று கத்தினார்.

"நாளைக்குத் திறப்பு விழா. முட்டுக் கொடுத்த கம்பையெல்லாம் இப்பவே உருவுங்கடா! இல்லேன்னா இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் இனி வேலை கிடையாது."

"தளம் இன்னும் இறுகலீங்க" என்றார் மேஸ்திரி.

"என் பேர் போட்ட கட்டடம் விழுமாய்யா?"

சித்தாள் மாராயி சாந்துச் சட்டியை இறக்கிவிட்டு, ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து தளத்துக்கு நேர் கீழே போட்டாள்.

"உங்க கட்டடத்துல முதல் ஆளா நீங்கதானுங்க உக்காரணும். உக்காருங்க, உருவிடறோம்."

பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. தலைவருக்கு வேறு வழியில்லை, உட்கார்ந்தார். மாராயி சுத்தியலை எடுத்து, கம்புக்கு அடியில் செருகியிருந்த ஆப்பில் ஒப்புக்கு ஒரு தட்டுத் தட்டினாள்.

டொக்.

தளம் இறுகுவதற்காக மேலே தேக்கியிருந்த தண்ணீரில் ஒரு சொட்டு, தலைவரின் வழுக்கையில் விழுந்தது.

"ஐயோ, நிறுத்து புள்ள!"

நாற்காலி ஒரு பக்கம், தலைவர் ஒரு பக்கம். நடுரோட்டில் நின்று வேட்டியை இறுக்கிக்கொண்டே கேட்டார்: "அப்ப எப்பத்தான் உருவுறது?"

"நீங்க பதறாம இதுக்கடியில உக்கார்ற அன்னிக்குங்க" என்றாள் மாராயி.